ஈரத்தைப் படமெடுக்கிறவர்கள்

மஸ்கட்டின் பழைய துறைமுகப் பகுதியான மத்ராவில், கடலைப் பார்த்தபடி வெள்ளை வீடுகள் வரிசையாக நிற்கின்றன. மரத்தில் இழைத்த மேல்மாடங்கள், கம்பி வேலைப்பாடுகள், நேராக அடிக்கும் காலை வெயில். ஓமன் என்று தலைப்பிட்ட காலண்டர் எதைப் புரட்டினாலும் இந்த வரிசை இருக்கும். நானும் எடுத்தேன். எடுத்து முடித்து நடந்தபோதுதான் வரிசையின் நடுவில் ஒரு வாசல் இருப்பது கண்ணில் பட்டது. சூர் அல் லவாத்தியா என்ற மதில் சூழ்ந்த குடியிருப்பு அதற்குள் இருக்கிறது. சிந்துப் பக்கமிருந்து பல தலைமுறைகளுக்கு முன் வந்து நிலைத்துவிட்ட வணிகச் சமூகத்தாருடையது. வெளியாட்களை உள்ளே விடுவதில்லை. வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் கழுத்தில் தொங்கிய கேமராவைப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்துச் சிரித்தார். தலையை மட்டும் மெல்ல ஆட்டினார். இவ்வளவு மரியாதையாக யாரும் என்னை வெளியே நிறுத்தியதில்லை.

மத்ரா சூக்கில் அப்படிக் கதவு எதுவும் கிடையாது. வெள்ளிக் கொலுசு, குந்திரிக்கம், அத்தர், கஷ்மீர்ச் சால்வை, சீனத்திலிருந்து வந்த ஒட்டக பொம்மை எல்லாம் கலந்து கிடக்கிற சந்துகள். கடைக்காரர்களில் மலையாளிகளும் வங்காளிகளும் பலூச்சிகளும் நிறைய. ‘மும்கின் ஸூரா?’ என்ற இரண்டே அரபுச் சொற்களை வைத்துக்கொண்டு, படமெடுக்கலாமா என்று கேட்டுக்கொண்டே நடந்தேன். ஆண்களில் பெரும்பாலோர் உடனே சம்மதித்தார்கள். ஆனால் ‘இரு’ என்று கையைக் காட்டிவிட்டுத் தலைப்பாகையைச் சரிசெய்து, நிமிர்ந்து, முகத்தைக் கல்லாக்கிக்கொண்டு நின்றார்கள். எதிரில் இருப்பவருக்குத் தெரியாமல் எடுத்தால்தான் படம் இயல்பாக வரும் என்று புகைப்படக்காரர்கள் சொல்லித் திரிகிற பாடம் இங்கே செல்லுபடியாகாது. ஒருவரை அவர் அறியாமல் படமெடுத்துப் பரப்புவது இந்த நாட்டில் சட்டப்படியும் குற்றம். தன் முகம் எப்படித் தெரிய வேண்டும் என்பதை அந்த முகத்துக்கு உரியவர் முடிவு செய்கிறார். எனக்கு அதில் குறை ஒன்றும் தெரியவில்லை.

அரபு மண்ணுக்குக் கேமரா வந்த கதையிலேயே இந்த உரிமை விவகாரம் இருக்கிறது. எகிப்திய ராணுவ அதிகாரி முகம்மது சாதிக் 1861இல் மதீனாவைப் படமெடுத்தார். இருபதாண்டு கழித்து மக்காவையும் எடுத்தார். ஹஜ் வழியை அளக்கப் போன மனிதர் அவர். தன் மக்களுக்குத் தெரிந்த இடத்தைத் தன் மக்களுக்காக எடுத்தார். அடுத்து வந்தவர் மக்காவிலேயே வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த அப்துல் கஃபார். டச்சு அறிஞர் ஸ்னூக் ஹுர்க்ரோன்யே 1885இல் மக்காவில் தங்கியிருந்தபோது இருவரும் சேர்ந்து படத்தொழிலில் இறங்கினார்கள். டச்சுக்காரர் வெளியேற்றப்பட்ட பிறகும் வைத்தியர் படங்களை எடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார். 1889இல் ஐரோப்பாவில் அச்சான தொகுப்பு ஸ்னூக்கின் பெயரில் வந்தது. படத்தின் மூலையில் வைத்தியர் அழகாக எழுதிவைத்திருந்த கையொப்பம் பலவற்றில் அழிக்கப்பட்டிருந்தது. மக்காவாசிகளில் முதல் புகைப்படக்காரர் யார் என்று உலகம் தெரிந்துகொள்ள நெடுங்காலம் ஆயிற்று.

ஓமன் நிலைமை வேறு. 1970இல் சுல்தான் காபூஸ் தன் தந்தையிடமிருந்து ஆட்சியை எடுத்துக்கொண்டபோது நாடு முழுவதும் தார்ச்சாலை பத்துக் கிலோமீட்டர், பள்ளிக்கூடங்கள் மூன்று. மஸ்கட்டின் நகர வாயில் இரவில் சாத்தப்படும். அதன்பின் தெருவில் நடப்பவர் கையில் விளக்கோடு நடக்க வேண்டும். அப்படிப்பட்ட நாட்டில் வீட்டுக்கொரு கேமரா எங்கே இருக்கப் போகிறது? ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ஓமன் என்று நாம் பார்க்கிற படங்களில் பெரும்பாலானவை வெளியிலிருந்து வந்தவர்கள் எடுத்தவை. அவர்களுக்கு மணல் பிடித்தது, ஒட்டகம் பிடித்தது, முகமூடி போட்ட பெண்களைப் பிடித்தது. நான் ஊரிலிருந்து எழுதிக்கொண்டு வந்த பட்டியலிலும் இந்த மூன்றும்தான் மேலே இருந்தன.

நிஸ்வாவுக்குப் போகிற வழியெல்லாம் கறுப்பும் கருஞ்சிவப்புமாக மலைகள். புல் பூண்டு இல்லை. இந்தப் பாறை ஒரு காலத்தில் கடலின் அடித்தரை. பூமியின் தட்டுகள் மோதியபோது கீழே போக வேண்டியது மேலே ஏறி நிலத்தின் மீது படுத்துவிட்டது. கடலடியைக் காலால் மிதித்துப் பார்க்க உலகெங்குமிருந்து நிலவியலாளர்கள் இங்கே வருகிறார்கள். படமெடுப்பவருக்கு இது சோதனை. கறுப்புப் பாறை முன்னால் டிஷ்டாஷா என்ற வெள்ளை நீள அங்கி அணிந்த மனிதர் நின்றால் கேமராவின் அளவுமானி குழம்பிவிடும். பாறையைக் காட்டினால் உடை வெளுத்து ஓட்டையாகும், உடையைக் காட்டினால் முகம் இருண்டுவிடும். இந்த வெள்ளையோடு நான் பயணம் முழுவதும் மல்லுக்கட்டினேன்.

நிஸ்வாக் கோட்டையின் வட்டக் கோபுரம் பதினேழாம் நூற்றாண்டில் இமாம் சுல்தான் பின் சைஃப் காலத்தில் கட்டியது. போர்த்துக்கீசியரை 1650இல் மஸ்கட்டை விட்டு விரட்டியவர் அவர்தான். கோபுரத்தைக் கட்டப் பன்னிரண்டு வருஷம் ஆனதாகச் சொல்கிறார்கள். பருத்த கோபுரம்; உள்ளே ஏறும் படிக்கட்டு வளைந்து வளைந்து கதவுகளில் முட்டுகிறது, ஒவ்வொரு கதவுக்கும் மேலே ஒரு துளை. கதவை உடைக்க வருகிறவன் தலையில் அந்தத் துளை வழியாகக் கொதிக்கும் பேரீச்சம்பாகை ஊற்றுவார்களாம். பேரீச்சை மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தன் பாரத்திலேயே பாகு கசிந்து ஓட வாய்க்கால் வெட்டிய அறையும் உண்டு. சாப்பாட்டுக்குச் சேமித்ததே ஆயுதம். கோபுர உச்சியில் நின்று பார்த்தபோது மண் நிற ஊரைச் சுற்றிப் பேரீச்சந்தோப்பு, மைல் கணக்கில் பச்சை. பாறையும் வெயிலுமான இந்த இடத்தில் இவ்வளவு பச்சை எப்படி என்ற கேள்வி அங்கேதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை காலையில் கோட்டைக்கு அடுத்தாற்போல ஆட்டுச் சந்தை. வட்டமான பாதை, ஆட்டைக் கயிற்றில் பிடித்தபடி விற்பவர்கள் சுற்றிச்சுற்றி நடக்கிறார்கள், விலையைக் கத்திக்கொண்டே. வாங்குகிறவர்கள் ஓரத்தில் நின்று கையைக் காட்டி நிறுத்துகிறார்கள், பல்லைப் பிடித்துப் பார்க்கிறார்கள், மடியைத் தடவுகிறார்கள், வேண்டாம் என்று தள்ளிவிடுகிறார்கள். பாலைப்பகுதிப் பெண்கள் சிலர் நெற்றியையும் மூக்கையும் மறைக்கும் விறைப்பான முகமூடியோடு வந்து, ஆண்களைவிடக் கறாராகப் பேரம் பேசுகிறார்கள். அவர்களைச் சுற்றி நீளநீளமான லென்ஸ்கள். ஒரு கட்டத்தில் ஆட்டைவிடப் படமெடுப்பவர்கள் கூட்டம் அதிகம். கன்றுக்குட்டியை இழுத்துவந்த ஒருவர் என் முன்னால் நின்று, வாங்கப் போகிறாயா என்று சைகையில் கேட்டார். இல்லை என்றேன். அப்படியென்றால் பாதையை விட்டு இறங்கு என்று கையால் காட்டிவிட்டு நடந்தார். நியாயம்தானே.

ஜபல் அக்தர் ஏற ஏறக் காற்று குளிர்ந்தது. சைக் பீடபூமி கடல்மட்டத்திலிருந்து 2,000 மீட்டர். பள்ளத்தாக்கின் விளிம்பில் ஒட்டிக்கொண்டிருக்கிற அல் அக்ர், அல் ஐன், அஷ் ஷுரைஜா ஆகிய ஊர்களில் மலைச்சரிவைப் படிபடியாக வெட்டி வயல் செய்திருக்கிறார்கள். மார்ச் கடைசியிலிருந்து சில வாரங்கள்தான் ரோஜா. விடியலில் பறித்த இதழ்களை மண் அடுப்பில் பதித்த பானைக்குள் போட்டு, மேலே தண்ணீர்ச் சட்டியை வைத்து மூடி, நீராவியைக் குளிரவைத்துச் சொட்டுச்சொட்டாக இறக்குகிறார்கள். அந்தப் பன்னீர் தெளிவாக இருக்காது. பழுப்பாக, புகை வாசத்தோடு இருக்கும். ஊர்க்காரர்கள் அதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள். நகரத்துக் கடையில் கிடைக்கும் நிறமற்ற பன்னீர் அவர்களுக்கு ஒரு பொருட்டில்லை. அடுப்பறை இருட்டு; கூரை ஓட்டை வழியாக விழுந்த ஒற்றை வெளிச்சத்தில் புகை சுழன்றது. அங்கே எடுத்த படங்கள் எனக்குப் பிடித்திருந்தன என்று வெட்கமில்லாமல் சொல்வேன்.

நிஸ்வாக் கோபுரத்தில் எழுந்த கேள்விக்கு மிஸ்ஃபாத் அல் அப்ரியீனில் பதில் கிடைத்தது. பாறைகளின் மேலேயே மண்வீடுகளை ஏற்றிக் கட்டிய மலைக்கிராமம் அது. சந்துகளில் நடந்தால் கூடவே தண்ணீர் நடக்கிறது. ஒரு முழம் அகல வாய்க்கால், கண்ணாடிபோல் தெளிவு, சின்னச் சின்ன மீன்கள். இதைத்தான் ஃபலஜ் என்கிறார்கள். ஓமனில் மூவாயிரம் ஃபலஜ்கள் இன்றும் ஓடுகின்றன. அவற்றில் ஐந்தை 2006இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சிலவற்றுக்கு ஊற்றே தலை. சிலவற்றுக்கு மலையடியில் ஆழமான தாய்க்கிணறு தோண்டி, அங்கிருந்து நிலத்துக்கடியிலேயே சுரங்கம் வெட்டி, ஊர் வந்து சேரும் இடத்தில் மேலே கொண்டுவருகிறார்கள். பம்பு கிடையாது. சரிவு மட்டும்தான் வேலை செய்கிறது. குறுக்கே ஓடை வந்தால் வாய்க்கால் அதன் அடியில் இறங்கி, மறுகரையில் ஏறிக்கொள்கிறது.

ஊருக்குள் நுழையும் இடத்தில் தண்ணீர் குடிக்க. அது எல்லோருக்கும் இலவசம். வழிப்போக்கனும் குனிந்து குடிக்கலாம். அடுத்துப் பள்ளிவாசலுக்கு, பிறகு ஆண்கள் குளிக்க, பெண்கள் குளிக்கச் சுவர் வைத்த இடம், பாத்திரம் கழுவ. அதன் பிறகுதான் தோப்பு. தோப்புக்குப் போகும் தண்ணீரை நேரத்தால் பங்கு போடுகிறார்கள். அதர் என்பது ஓர் அலகு, ஏறக்குறைய அரைமணி. ஒருவருக்கு இத்தனை அதர் என்று உரிமை இருக்கும். அதை விற்கலாம், வாடகைக்கு விடலாம், பிள்ளைகளுக்குப் பிரித்துத் தரலாம். சில பங்குகளை ஊரே ஏலம் விட்டு அந்தக் காசில் வாய்க்காலைத் தூர்வாருகிறது. பகலில் நட்டுவைத்த கம்பின் நிழல் தரையில் போட்ட கோட்டைத் தாண்டுவதைப் பார்த்து மடை மாற்றினார்கள். இரவில், மலைமுகட்டில் எந்த நட்சத்திரம் எழுகிறது என்று பார்த்தார்கள். இப்போது கைக்கடிகாரம். நம் ஊர் ஏரிப் பாசனத்தில் முறை வைத்து மடை திறந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு இரண்டு வாக்கியத்தில் புரிந்துவிடும்.

மடை மாற்ற வந்த பெரியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். துணி சுற்றிய கல்லை ஒரு வாயிலிருந்து உருவி இன்னொரு வாயில் அடைத்தார். அவ்வளவுதான், ஒரு தோப்பு நின்று இன்னொரு தோப்பு குடிக்கத் தொடங்கியது. படத்துக்குக் கேட்டேன். இரு என்றார். வீட்டுக்குப் போய், தலைப்பாகையை மாற்றி, இடுப்பில் வெள்ளிப் பூணிட்ட வளைந்த கஞ்சர் கத்தியைச் செருகிக்கொண்டு, பேரனையும் கூட்டிக்கொண்டு வந்தார். சேற்றுக் கையோடு குனிந்த அந்த மனிதர் எனக்கு வேண்டும்; கஞ்சரோடு நிமிர்ந்த மனிதர் அவருக்கு வேண்டும். இரண்டையும் எடுத்தேன். அச்சடித்த படம் ஒன்று தனக்கு வர வேண்டும் என்று பேரன் மூலம் ஆங்கிலத்தில் சொல்லி, பேரனின் வாட்ஸப் எண்ணையும் கொடுக்கச் சொன்னார்.

பிறகு அவர் வீட்டுப் பெண்கள் என்னை உள்ளே அழைத்தார்கள். பெண்ணாக இருப்பதில் உள்ள லாபம் இது. கூட வந்த ஆண் புகைப்படக்காரர்கள் திண்ணையோடு நின்றார்கள். கேமராவைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்த பிறகுதான் ஒருத்தி முகத்துணியைத் தளர்த்தினாள். ஏலக்காய் போட்ட கஹ்வாவைக் கைப்பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் ஊற்றினார்கள். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்ட வேண்டும். ஆட்டாமல் நீட்டினால் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். பேரீச்சை, நெய் மினுங்கும் ஹல்வா. வீட்டின் மூத்தவள் ஸான்ஸிபாரில் பிறந்தவள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓமன் சுல்தான் தன் தலைநகரையே அந்த ஆப்பிரிக்கத் தீவுக்கு மாற்றிக்கொண்டார். 1964இல் அங்கே புரட்சி வெடித்தது; குடியேறிய ஓமானியர்களில் தப்பியவர்கள் திசைக்கொருவராய்ச் சிதறி, 1970க்குப் பிறகு பலர் ஊர் திரும்பினார்கள். அவள் மருமகளை ஸ்வாஹிலியில் திட்டினாள், அரபியில் கொஞ்சினாள். சுவர் முழுக்கப் பீங்கான் தட்டுகள், சிவப்புக் கம்பளி மெத்தைகள். ஓமனில் நான் பார்த்த மிக அழகான அறை அது. அந்த அறையின் படம் என்னிடம் இல்லை, இருக்கவும் கூடாது.

மிஸ்ஃபாத்திலிருந்து இறங்கும்போது மேற்கே மேகம் கறுத்தது. வசந்த காலத்தில் ஹஜர் மலைகளில் திடீர் மழை சகஜம். சமவெளியில் ஒரு சொட்டு இல்லை. ஆனால் வறண்டு கிடந்த வாதி என்ற காட்டாற்றின் கரையில் கார்கள் வரிசைகட்டி நின்றன. குடும்பம் குடும்பமாக இறங்கி, பாய் விரித்து, ஃபிளாஸ்க்கைத் திறந்து உட்கார்ந்துவிட்டார்கள். என்ன என்று கேட்டேன். வாதி வரப் போகிறது என்றார்கள். மலையில் பெய்தது இங்கே வந்து சேர எவ்வளவு நேரம் என்று ஆளாளுக்கு ஒரு கணக்கு. பிள்ளைகள் கல்லில் ஏறி நின்று பார்த்தார்கள்.

முதலில் சத்தம் வந்தது, சரளை உரசுகிற சத்தம். பிறகு வளைவைத் தாண்டி ஒரு பழுப்பு நாக்கு. சருகும் குச்சியும் நுரையும் பிளாஸ்டிக் பாட்டிலும் சுமந்துகொண்டு மெதுவாக, நடக்கும் வேகத்தில் வந்தது. அதன் பின்னால் ஆள் உயரத் தண்ணீர். கரை முழுவதும் ஒரே ஆரவாரம். எல்லோர் கையிலும் போன் உயர்ந்தது. தாத்தாக்கள் வீடியோ எடுத்தார்கள், முகம் மறைத்த பெண்கள் எடுத்தார்கள், போலீஸ்காரர் ஒருவர் வண்டிகளைத் தடுத்தபடியே ஒரு கையால் எடுத்தார். ஓடும் வாதியில் வண்டியை இறக்கினால் தண்டனை உண்டு. இறக்கி உயிர் விட்டவர்களும் உண்டு. ஆனாலும் பார்க்க வராமல் இருக்க யாராலும் முடிவதில்லை. நான் தண்ணீருக்கு முதுகைக் காட்டி நின்று அந்த முகங்களை எடுத்தேன், கேட்டுத்தான். யாரும் இரு என்று சொல்லவில்லை. தலைப்பாகையைச் சரிசெய்ய யாருக்கும் நேரமில்லை.

அன்றிரவு கேமராவில் இருந்ததையெல்லாம் ஓட்டிப் பார்த்தபோது, ஊரிலிருந்து கொண்டுவந்த பட்டியலைக் கிழித்துப் போடலாம் என்று தோன்றியது. அரபு நிலத்தை எடுக்கப் போனவர்களெல்லாம் வறட்சியை எடுத்தார்கள். இங்கே வாழ்கிறவர்கள் எடுப்பது ஈரத்தை.

அல் ஐன் என்றே பெயருள்ள இன்னொரு ஊருக்குப் பக்கத்தில், ஜபல் மிஷ்ட்டின் செங்குத்துச் சுவர் எதிரே, குன்றின் முதுகில் இருபத்தொரு கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. தேன்கூடு போல வளைத்து, சாந்து இல்லாமல் கல்லடுக்கிக் கட்டியவை, நாலாயிரம் வருஷத்துக்கும் மேல் பழையவை. மாலை வெயில் அவற்றைப் பொன்னாக்கும் என்று கையேடுகள் சொல்வது உண்மைதான், ஆக்குகிறது. எடுத்துக்கொண்டு கிளம்பினோம். சொல்வதற்கு அதற்குமேல் எதுவும் எனக்குத் தோன்றவில்லை.

ஷர்கியா மணல்வெளியில் மணல் நான் கேட்டதையெல்லாம் கொடுத்தது. விடியலில் ரோஜா நிறம், பிறகு தேன், நண்பகலில் சாம்பல். ஒரு மேட்டின் முதுகில் ஒட்டகம் நின்றது, அதன் நிழல் பத்து மடங்கு நீண்டு விழுந்தது. உலகத்தில் ஆயிரம் பேர் எடுத்துவிட்ட படம். இந்தப் படத்துக்கு ஒரு மூலவர் உண்டு. வில்ஃப்ரட் தீசிகர் என்ற ஆங்கிலேயர். 1945க்கும் 1950க்கும் இடையில் மேற்கே உள்ள ரூப் அல் காலி பெரும்பாலையை ஒட்டகத்திலும் காலாலும் இரண்டு முறை கடந்தவர். லைக்கா கேமராவில் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அவர் வாழ்நாளில் எடுத்த சுமார் 38,000 நெகட்டிவ்கள் ஆக்ஸ்ஃபோர்டில் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவரோடு நடந்த சலீம் பின் கபீனா, சலீம் பின் கபைஷா என்ற இளைஞர்களின் முகங்களைப் பார்த்தால் அவர் எவ்வளவு பெரிய கலைஞர் என்று தெரியும். அந்தப் படங்களை நான் வணங்குகிறேன்.

ஆனால் அவர் 1977இல் ஓமனுக்குத் திரும்பி வந்தபோது, பழைய தோழர்கள் கார் ஓட்டுவதைப் பார்த்து நொந்துபோனார். தாகத்திலும் பட்டினியிலும் அவர்களோடு பகிர்ந்துகொண்ட வாழ்க்கை போய்விட்டது என்று துக்கம். பின்னாளில் அந்த மாற்றத்தோடு ஓரளவு சமாதானமானார் என்பதையும் சொல்ல வேண்டும். அவர் துக்கம் எனக்குப் புரிகிறது, ஒட்டவில்லை. கிணறு ஒரு நாள் நடை தூரத்தில் இருந்த வாழ்க்கை அது. பிள்ளை காய்ச்சலில் கிடந்தால் மருந்து இல்லாத வாழ்க்கை. அதில் பாதியில் எழுந்து லண்டனுக்குப் போக முடிந்தவருக்கு அது அழகு. நான் தங்கிய பெதூயின் வீட்டின் வாசலில் டொயோட்டா பிக்கப், அதன் முதுகில் ஒட்டகம், ஒட்டகத்துக்குப் பக்கத்தில் நீலத் தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டியைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிட்டு ஒட்டகத்தை மட்டும் எடுக்க எனக்குக் கை வரவில்லை.

ஸூர் என்ற கடலோர ஊரில் கப்பல்கட்டும் துறை மெலிந்துவிட்டது. மலபார்த் தேக்கு இறங்கிய கரையில் இப்போது சில மரக்கலங்களே உருவாகின்றன. 1951இல் இங்கே கட்டிய ஃபத்ஹ் அல் கைர் என்ற கப்பலை, யேமனுக்குப் போய்விட்ட பிறகும் ஊர்க்காரர்கள் மீட்டுக் கொண்டுவந்து தரையில் நிறுத்தியிருக்கிறார்கள்.

தெற்கே தோஃபாரில் இறங்கியதும் ஒரு குழப்பம். ஸலாலாவின் சாலையோரத்தில் தென்னந்தோப்பு. வாழை, பப்பாளி, இளநீர் வெட்டும் கடைகள். கண்ணை மூடித் திறந்தால் நாகர்கோவில் பக்கம். இந்தியாவுக்கு வருகிற அதே தென்மேற்குப் பருவக்காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்த மலைகளின் ஓரத்தையும் தொட்டுவிட்டுப் போகிறது. அந்தப் பருவத்துக்கு கரீஃப் என்று பெயர். வளைகுடா நாடுகள் ஐம்பது டிகிரியில் வெந்துகொண்டிருக்க, இங்கே தூறலும் மூடுபனியும். சவூதியிலிருந்தும் எமிரேட்ஸிலிருந்தும் குடும்பங்கள் பாலைவனம் தாண்டி வந்து, குடை இல்லாமல் தூறலில் நிற்கிறார்கள்.

நான் போனது ஏப்ரல். மலைகள் வைக்கோல் நிறத்தில் கிடந்தன. கேமராவைப் பார்த்த ஒவ்வொருவரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். இப்போதா வந்தாய்? உடனே போனை எடுத்து, வாதி தர்பாத் அருவி, பனியில் கழுத்து வரை மறைந்த ஒட்டகங்கள், பச்சைக் குன்றில் பிள்ளைகள் உருளும் வீடியோ என்று தள்ளித் தள்ளிக் காட்டினார்கள். டாக்ஸி ஓட்டியவர் காட்டினார், ஹோட்டல் வாசலில் நின்றவர் காட்டினார், பழக்கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காட்டினார். ஒருவர் போனிலும் மணல் இல்லை.

வறண்ட பருவத்துக்கு உரியது குந்திரிக்கம். மலைக்கு அந்தப் பக்கம், மழை தொடாத வாதி தவ்காவில் மரங்கள் ஆளுயரம், முறுக்கிய கிளைகள், காகிதம் போல உரியும் பட்டை. தட்டையான உளி போன்ற மன்கஃப் என்ற கருவியால் பட்டையைச் சீவினால் பால் வெள்ளையாகத் துளிர்க்கிறது. முதல் சீவலில் வருவதற்கு மதிப்பில்லை. வாரங்கள் கழித்து அதே இடத்தைத் திரும்பச் சீவி, மறுபடி காத்திருந்து, காய்ந்து கட்டியானதைச் சுரண்டி எடுக்கிறார்கள். பச்சை படர்ந்த தெளிவான கட்டிக்கு விலை அதிகம். இந்தப் பிசினுக்காகத்தான் ரோமும் எகிப்தும் இந்தக் கரையோடு வணிகம் செய்தன. யுனெஸ்கோ 2000இல் பட்டியலிட்ட நான்கு இடங்களில் இந்த வாதியும் ஒன்று, கடலோரத்து கோர் ரோரி இன்னொன்று.

கோர் ரோரியில் கடல் ஒரு காலத்தில் உள்ளே நுழைந்து துறைமுகமாக இருந்தது. இப்போது மணல்திட்டு வாயை அடைத்துக் காயலாக்கிவிட்டது. மேட்டில் சும்ஹுரம் நகரத்தின் இடிபாடு. ஹத்ரமவ்த் அரசு எழுப்பியது. வாசல் சுவரில் தென்னரபிய எழுத்தில் கல்வெட்டு. பைசா பல்கலைக்கழகத்து இத்தாலியக் குழு நெடுங்காலம் தோண்டியது. 2006இல் அவர்களுக்கு ஒரு பானை ஓடு கிடைத்தது. உடைந்த பானையின் துண்டை யாரோ மூடியாக்கிப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதில் கீறியிருந்த எழுத்து தமிழ் பிராமி என்று 2012இல் தெரியவந்தது. ‘ணந்தை கீரன்’ என்று ஒரு பெயர். காலம் கி.பி. முதல் நூற்றாண்டு. நக்கீரர் பெயரில் ஒட்டியிருக்கிற அதே கீரன்.

ஏதோ ஒரு கீரன் பருவக்காற்றில் கப்பலேறி வந்து, இந்த மேட்டில் தங்கி, திரும்பிப் போகக் காற்று மாறும்வரை காத்திருந்திருக்கிறார். மாதக்கணக்கில் இருந்திருக்க வேண்டும். அடுத்த ஆள் எடுத்துக்கொண்டு போகாமல் இருக்கத் தன் சாமானில் பெயர் எழுதிவைத்திருக்கிறார். மன்னரைப் பற்றியோ வணிகத்தைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. காயலில் பூநாரைகள் மேய்ந்தன, ஒட்டகங்கள் முழங்கால் தண்ணீரில் நின்று குடித்தன. எடுத்தேன். என் பயணப் படங்களில் ஒட்டகம் தண்ணீரில் நிற்கிற படத்தைத்தான் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன்.

ஸலாலாவில் கடைசி வேலை, மிஸ்ஃபாத் பெரியவருக்குக் கொடுத்த வாக்கு. கடைத்தெருவில் ஒரு போட்டோ ஸ்டுடியோ. பாஸ்போர்ட் படம், குடும்பப் படம், சட்டம் போட்டுத் தருதல். நடத்துகிறவர் தக்கலைக்காரர். என் பேச்சைக் கேட்டதும் சுலைமானி டீ வரவழைத்தார். பின்னால் சுவரில் இரண்டு பின்னணித் திரைகள்: ஒன்றில் தர்பாத் அருவி, இன்னொன்றில் பனி மூடிய பச்சை மலை. மணல்மேடு திரை உண்டா என்று கேட்டேன். “இருந்திச்சு அக்கா. யாரும் கேக்கல, சுருட்டி மேல போட்டுட்டேன். வெள்ளக்காரன் வந்தா இறக்குவேன்” என்றார்.

படங்களைத் திரையில் திறந்தார். மிஸ்ஃபாத் மாலை வெயிலில் நான் பாடுபட்டுப் பிடித்த மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்து முகம் சுளித்தார்.

“துணி மஞ்சளா இருக்கு பாத்துக்கோங்க. அழுக்குத் துணி மாதிரி தெரியும். அவங்க இத வாங்க மாட்டாங்க.”

“அது வெயிலோட நிறம்.”

“வெயிலு அவங்க தெனமும் பாக்கிறதுதானே.”

இரண்டு சொடுக்கில் டிஷ்டாஷா சுண்ணாம்பு வெள்ளையாயிற்று. முகத்தைக் கொஞ்சம் தூக்கினார். சேற்றுக் கையோடு குனிந்து மடை அடைக்கும் படம் வந்தபோது, இது வேண்டாம், ஆள் குனிஞ்சிருக்காரு என்று நகர்த்திவிட்டார். எனக்கு அதுதான் வேண்டும், எனக்கு ஒன்று போடுங்கள் என்றேன். சரி, உங்களுக்கு என்று தனியாக ஒதுக்கினார். அடுத்து, பெரியவரின் முகம் மட்டும் நிறைந்த நெருக்கப் படம்.

“கஞ்சர் எங்க?”

“முகத்துக்காக எடுத்தது.”

“கஞ்சர் இல்லாம எப்பிடிக் குடுக்க? முழுசா நிக்கிறது இருக்கா?” தேடி, பேரனைத் தோளோடு அணைத்து, தலைப்பாகையும் வெள்ளிப் பூணும் பளிச்சிட நிமிர்ந்து நிற்கிற படத்தைப் பிடித்துவிட்டார். ஓரத்தில் ஃபலஜ் தண்ணீர் மின்னியது. அதையும் சேர்த்தே விட்டார்.

பெரிய அளவில் ஒன்று, சின்னதில் நான்கு, மகன்களுக்கு என்று அவரே கணக்குப் போட்டார். காசு வாங்க மறுத்து, பிறகு பாதி வாங்கிக்கொண்டார். மஸ்கட் போகிற பஸ் நிஸ்வா வழியாகத்தான் போகும், டிரைவர் தெரிஞ்ச ஆளு, பேரனோட நம்பர் குடுங்க என்றார்.